கூப்பிடாத வீடு

மண்ணூர் டில்லிபாபுவின் தொழிலுக்கு வாடிக்கையாளர்களைத் தேடுவது சுலபமில்லை. டீக்கடைக்காரர் வருகிறவரைச் சிரித்து வரவேற்கலாம். பைக் மெக்கானிக், அடுத்த சர்வீஸுக்கும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பலாம். டில்லிபாபு இறந்தவர்களின் உடலை வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு விட்டார். அவர் யாரிடம் போய் என்னவென்று சொல்ல முடியும்?

அதற்கு முன் அவர் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தார். நாற்பதைத் தாண்டியதும் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அப்புறம் கொஞ்ச காலம் ஷிஃப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். மனைவி சத்யப்பிரியா வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்தார். கம்பெனிகளில் வேலை பார்க்கத் தெற்கேயிருந்து வந்த பெண்கள்தான் அங்கே பெரும்பாலும் தங்கியிருந்தார்கள். இருவர் சம்பளத்திலும் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சித்திரை வெயிலில் டில்லிபாபுவின் அப்பா இறந்துபோனார். பூந்தமல்லியிலிருந்து பெட்டி வரவழைத்தார்கள். கொண்டுவந்த ஆள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டுக்குள் வந்து நின்றான். பெஞ்சில் கிடத்தியிருந்த உடலையும் கூடியிருந்த கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனில் சொன்ன வாடகை போதாது என்றான். தங்கை அழுதுகொண்டே அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். டில்லிபாபுவால் அதைத் தாங்க முடியவில்லை. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போதே மனைவியிடம் சொன்னார்: "இந்த வேலைய ஒருத்தன் மனுஷனா நின்னு செய்யணும் சத்யா."

சில மாதங்கள் கழித்து ஒரு பெட்டியும் ஒரு பழைய டாடா ஏஸும் வாங்கி, வீட்டுக்கு முன்னால் 'ஆறுதல் ஃப்ரீசர் பாக்ஸ்' என்று போர்டு வைத்தார். ஜெபம் பண்ண அவர் போகும் சபையின் பாஸ்டர் வந்தார். வழக்கமாகக் கடை திறந்தால் தொழில் பெருகவேண்டும், வாடிக்கையாளர்கள் திரளாக வரவேண்டும் என்று ஜெபிப்பார். இந்த முறை பெட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு, "கர்த்தாவே, உமது பிள்ளை போற வீட்டுக்கெல்லாம் ஆறுதலா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார்.

டில்லிபாபு அதையே பிடித்துக்கொண்டார். வாடகையைப் போனிலேயே சொல்லிவிடுவார். வசதியானவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே வாடகை. துக்க வீட்டுக்குள் பணத்தைப் பற்றிப் பேச மாட்டார். வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார். ஒயரும் பிளக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியை இறக்குவார். ஷாமியானா கட்டுகிறவர்களோடு சேர்ந்து கயிறு பிடிப்பார். எந்தத் தெருவுக்கும் போவார், எந்தச் சாதி வீடானாலும் போவார். பெட்டியின் பக்கவாட்டில் வேத வசனம் எழுதினால் சபைக்கு ஆத்துமாக்கள் கிடைக்கும் என்று சபையில் ஒருவர் யோசனை சொன்னார். "அழுதுகினு கீறவங்ககிட்ட போயி ஆள் புடிக்கக் கூடாதுண்ணா" என்று டில்லிபாபு மறுத்துவிட்டார்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் பெயர் வாங்கித் தந்தது. பெட்டி கொண்டுபோன வீட்டுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடியும் போவார். சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். மணிமங்கலத்தில் கிளியம்மாள் என்ற அம்மாளின் வீட்டுக்கு அப்படிப் போனபோது, வீடு இருட்டாகக் கிடந்தது. கணவர் இருந்தவரை கரண்ட் வேலையெல்லாம் அவர்தான் பார்ப்பார். ஃபியூஸ் போனதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் அந்த அம்மாள் மெழுகுவத்தி ஏற்றிவைத்திருந்தார். டில்லிபாபு ஸ்டூல் போட்டு ஏறி ஃபியூஸ் கட்டிக் கொடுத்தார். கிளியம்மாள் அதைத் தெரு முழுக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தில் யார் வீட்டில் துக்கம் என்றாலும், "மண்ணூர் தம்பியக் கூப்புடுங்கப்பா" என்று ஆனது. படப்பை, வல்லக்கோட்டை வரைக்கும் அவருடைய நம்பர் கைமாறியது. விளம்பரம் என்று அவர் எதுவும் செய்யவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை. இரண்டாவதாக ஒரு பெட்டி கடனில் வாங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் கூட்ரோட்டில் ஒரு பெரிய சர்வீஸ் வந்தது. ஆம்புலன்ஸ், பூ அலங்காரம் செய்த அமரர் ஊர்தி, நீல விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டிகள் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர்களுடைய ஆட்கள் நின்றார்கள். டில்லிபாபுவுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன, பிறகு கிட்டத்தட்ட நின்றேபோயின.

நாகப்பன் என்று ஒருவர், முன்பு டில்லிபாபுவோடு கம்பெனியில் ஒரே லைனில் நின்றவர். இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி. ஒரு நாள் டீக்கடையில் பார்த்ததும் அவரே பேச்சை எடுத்தார்.

"இன்னா டில்லி, வண்டி நின்ன எடத்துலயே நிக்குது?"

"கால் வர்லண்ணா."

"எப்டி வரும்? வூட்டுக்குப் போயி யோசிச்சு போன் பண்ற காலமா இது? எங்க கேட்டுலயே பேசி முடிச்சிடறானுங்க. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வூட்டுக்குக் கூட்டிகினு போங்கன்னு டாக்டர் சொல்லுவாரு பாரு, அது மொதல்ல எனக்குத் தெரியும். உனக்கு ஒரு போன் போடறேன். நீ போயி நில்லு."

"அதெல்லாம் நான் பண்றதில்லண்ணா."

நாகப்பன் டீயை வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். "நீ போகாட்டி யாரும் சாகாம இருக்கப் போறாங்களா? எப்டியும் ஒருத்தன் போகப் போறான். அவன் அந்தச் சனங்ககிட்ட அடாவடி பண்ணுவான். நீ பண்ண மாட்ட. அப்ப நீ போறது அவங்களுக்குத்தான நல்லது?"

இது பணத்தாசையாக வந்திருந்தால் டில்லிபாபு தள்ளியிருப்பார். நல்ல காரியத்தின் உருவத்தில் வந்ததால் யோசித்தார். வீட்டில் சத்யப்பிரியாவிடம் சொன்னார்.

"நாகப்பண்ணன் சொல்றது நாயமாத்தான் கீது" என்றார் அவர். "ஆனா எதுக்கு எங்கிட்ட கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"மணிமங்கலத்துல ஃபியூஸ் கட்டினப்ப எங்கிட்டக் கேட்டா கட்டினீங்க?"

அன்று இரவு முழங்காலில் நின்று ஜெபித்தார். சபைக்காக, வியாதிக்காரர்களுக்காக, மகளின் படிப்புக்காக எல்லாம் ஜெபித்து எழுந்த பிறகுதான், நாகப்பன் சொன்னதை மட்டும் ஆண்டவரிடம் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது. மறுபடி முழங்காலிடவில்லை. படுத்துவிட்டார்.

நாகப்பனின் போன் வந்து முதலில் போன வீடு படப்பையில். "நாங்க யாருக்கும் சொல்லவே இல்லியே" என்று மூத்த மகன் குழம்பினார். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்றார் டில்லிபாபு. "நல்ல வேள வந்தீங்க, எங்களுக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்று அவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். டில்லிபாபுவுக்கு மனம் லேசானது. நாகப்பன் சொன்னது சரிதான் என்று நினைத்தார். அடுத்தடுத்து போன் வந்தது. நாகப்பனுக்கு ஏதாவது கொடுத்தார். வண்டி மறுபடியும் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தேவன் செய்த நன்மைகளை எல்லோர் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து, அடைபட்டிருந்த வாசலைக் கர்த்தர் திறந்தார் என்று நன்றி சொன்னார்.

சாவு நடந்த பிறகு போவது மாறி, முன்னாலேயே போய்த் தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பது வழக்கமானது. கூட்ரோட்டுக்காரர்கள் முந்திவிடக் கூடாது என்று நினைப்பார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டதும் இறங்குவார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரங்களை நினைத்தால், பிற்பாடு அவருக்கு உடம்பு கூசியது. அப்போது கூசவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் முற்பகலில் நாகப்பன் கூப்பிட்டார். "ஒரகடம் லைன் வூடு. தெக்கத்திப் பெரியவரு, அய்யாத்துரைன்னு பேரு. காலைல வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆம்புலன்ஸுல ஏத்தும்போதே மூச்சு இல்லன்னு வார்டு பையன் சொன்னான். முடிஞ்சிருக்கும். ஓடு."

வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த இடம் அது. கம்பெனி ஆட்கள் எல்லோரும் ஷிஃப்டுக்குப் போயிருந்ததால் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு வீட்டின் முன்னால் மட்டும் செருப்புகள் கிடந்தன. உள்ளே இருட்டாக இருந்தது. அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. அழுது ஓய்ந்திருப்பார்கள் என்று டில்லிபாபு நினைத்துக்கொண்டார். அன்று வண்டி ஓட்டக் கூட வந்திருந்த டிரைவரும் அவருமாகப் பெட்டியை இறக்கி, ஆளுக்கொரு பக்கம் தூக்கி, வாசல்படியில் வைத்தார்கள். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தபோது உள்ளே கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கையில் கஞ்சிக் கிண்ணத்துடன் ஒரு பெண். ஸ்பூன் பாதியில் நின்றது.

பெரியவர் பெட்டியைப் பார்த்தார். கண்ணாடி மூடியில் வெயில் அடித்து அறைச் சுவரில் வெளிச்சம் விழுந்திருந்தது.

"யாருக்குய்யா இது?" என்று கேட்டார். குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

"அட்ரஸ் மாறிடுச்சு பெரியவரே" என்றார் டில்லிபாபு. "தப்பா வந்துட்டோம்."

பெரியவர் அதை ஏற்றுக்கொள்கிறவர் போலத் தலையசைத்தார். பிறகு சொன்னார்: "இந்த வரிசையில படுக்கையில கெடக்கது நான் ஒருத்தன்தானய்யா."

"ஏன்ப்பா அப்படிச் சொல்லுதிய? அவுக தப்பா வந்துட்டாவன்னுதான சொல்லுதாவ" என்றாள் அந்தப் பெண். பேசும்போது அவள் டில்லிபாபுவைப் பார்க்கவில்லை. ஸ்பூனை அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். அவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெட்டியைத் திரும்பத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது அது பலமடங்கு கனத்தது. டிரைவர் ஏதோ கேட்டான். டில்லிபாபுவுக்குக் காதில் விழவில்லை. கூட்ரோடு தாண்டிய பிறகுதான் காலில் செருப்பில்லை என்று தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கத் தைரியமில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் மாரிசெல்வி. செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தாள். முன்பு சத்யப்பிரியாவின் ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அம்மா இல்லை. ஊரில் தனியாக இருந்த அப்பாவைக் கூட வைத்துக்கொள்ளத்தான் தனி வீடு எடுத்தாள். அய்யாத்துரையும் சும்மா இருக்காமல் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலைக்குப் போனார். நடந்ததை டில்லிபாபு சொல்லக் கேட்டதும் சத்யப்பிரியா, "அந்தப் புள்ளயா" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் டில்லிபாபுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டில்லிபாபு அன்றே நாகப்பனைப் போய்ப் பார்த்தார். நாகப்பனும் கலங்கித்தான் போனார். "வார்டு பையன் தப்பா சொல்லிட்டான்ப்பா" என்றார். "அவன் சரியா சொல்லியிருந்தாலும் நான் அங்க போயி நின்னிருக்கக் கூடாதுண்ணா" என்றார் டில்லிபாபு. "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

அய்யாத்துரை அந்த வாரக் கடைசி வரை இருந்தார். இறந்த செய்தி ஹாஸ்டல் பெண்கள் மூலமாக வந்தது. வாடகை வேண்டாம், பெட்டி கொண்டுவரலாமா என்று சத்யப்பிரியா மூலமாகவே டில்லிபாபு கேட்டனுப்பினார். பதில் வரவில்லை. அவர் போய்த் தெரு ஓரத்தில் நின்றார். கூட்ரோட்டுக்காரர்களின் நீல விளக்குப் பெட்டி வாசலில் இருந்தது. மத்தியானம் உடலை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்குப் புறப்பட்டார்கள். மாரிசெல்வி ஏறும்போது தெருவைப் பார்த்தாள். அவரைக் கண்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம் டில்லிபாபு அவளைப் பார்க்கப் போனார். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று பேசினாள்.

"மன்னிச்சிடும்மா. எனக்கு வேற இன்னா சொல்றதுன்னு தெரியல" என்றார்.

"டாக்டர் சொன்னத நான் எங்கப்பாகிட்டச் சொல்லல" என்றாள் மாரிசெல்வி. "கொஞ்சம் தேறட்டும், நம்மூரு அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருவோம்னு சொல்லி வச்சிருந்தேன். அவுகளும் நம்பிக்கிட்டு இருந்தாவ. கொடைக்கு யாராரு வருவான்னு பேசிக்கிட்டே கஞ்சி குடிப்பாவ. நீங்க வந்துட்டுப் போன பொறவு கொடையப் பத்திப் பேசவே இல்ல."

டில்லிபாபு தலைகுனிந்து நின்றார்.

"உங்க மேல கோவப்படலைய்யா அவுக. ராத்திரி எங்கிட்ட என்ன சொன்னாவ தெரியுமா? 'அந்தத் தம்பிய ஏசாத தாயி. நாலு பேரு சாப்பிட வந்தாத்தான மெஸ்ஸு ஓடும், அவரு தொழிலும் அப்படித்தான'ன்னாவ." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவுக மன்னிச்சிட்டாவ. என்னால முடியல. முடிஞ்சா நானே சொல்லி அனுப்புதேன். அதுவரைக்கும் நீங்க வந்து வந்து கேக்காதிய."

"உனக்காக ஜெபம் பண்றேம்மா" என்று வாய்வரைக்கும் வந்தது. அதையும் சொல்லாமல் திரும்பினார்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் மறுபடியும் எழுந்தார். போன முறை தான் சொன்னது கர்த்தர் திறந்த வாசல் அல்ல, தானே திருட்டுத்தனமாகத் திறந்துகொண்ட வாசல் என்றார். நாகப்பன் பெயரை எடுக்காமல், லைன் வீட்டு வாசலில் நடந்ததை அப்படியே சொன்னார். பாஸ்டர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்து, "தேவன் மன்னிச்சிட்டார் பிரதர்" என்றார். டில்லிபாபு உட்கார்ந்தார். நெஞ்சுக்குள் இருந்தது அப்படியே இருந்தது.

அவர் எதிர்பார்க்காத ஒன்று அப்புறம் நடந்தது. சபைக்காரர்கள் அதை வெளியில் சொன்னார்கள். தப்பைச் சபை நடுவில் ஒத்துக்கொண்ட மனுஷன், இவரை நம்பிக் கூப்பிடலாம் என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் நம்பரைக் கொடுத்தார்கள். சுங்குவார்சத்திரத்திலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் புதிய ஆட்கள் கூப்பிட்டார்கள். "உங்க சாட்சியக் கேள்விப்பட்டோம் பிரதர், அதான் உங்கள கூப்புட்றோம்" என்றார்கள். முன்பு எந்த நல்ல காரியத்தாலும் வராத அளவுக்கு அழைப்புகள் வந்தன. ஒவ்வொரு தடவையும் கஞ்சிக் கிண்ணத்துடன் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது. அந்தப் பெரியவரின் சாவைச் சொல்லியும் ஆள் பிடித்துவிட்டேனே என்று அவர் மனைவியிடம் சொல்லி அழுதார்.

"நீங்க அதுக்காகச் சொல்லலியே" என்றார் சத்யப்பிரியா.

"இல்லதான். ஆனா வந்தவங்கள வேணாம்னும் சொல்லலியே."

இரண்டாவது பெட்டியை மணிமங்கலத்தில் ஒரு சங்கத்துக்கு விற்றார். கடன் முழுசாகத் தீரவில்லை. காலையிலும் மாலையிலும் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்ட ஒத்துக்கொண்டார். சாட்சியைப் பற்றிப் பேச்செடுக்கிறவர்களிடம், "அத யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். துக்க வீடுகளுக்கு ஒரு வாரம் கழித்துப் போவதும் நின்றுபோனது. ஒரு முறை கிளம்பி வண்டியில் ஏறியவர், அவர்களைப் பார்க்கத்தான் போகிறோமா, அடுத்த அழைப்புக்காகப் போகிறோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இறங்கிவிட்டார். கிளியம்மாள்கூட, "முன்ன மாதிரி வரமாட்டேங்கறியேப்பா" என்று போனில் குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போதும் போன் வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க அந்த வூட்டு ஆளுங்களா?" என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் என்றால், வீட்டு ஆளைப் பேசச் சொல்வார். வீட்டு ஆள் பேசினால், "டாக்டர் பாத்துட்டாங்களா?" என்பார். அதற்குள் சிலர் பொறுமையிழந்து வேறு சர்வீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர் வருத்தப்படுவதில்லை.

மாரிசெல்வி மேலும் இரண்டு வருஷம் அதே கம்பெனியில் இருந்தாள். கம்பெனி பஸ்ஸுக்காக வல்லக்கோட்டை நிறுத்தத்தில் பெண்களோடு நிற்பாள். பள்ளிக்கூட வேனில் போகும்போது டில்லிபாபு தூரத்திலேயே அவளை அடையாளம் கண்டுவிடுவார். வேகத்தைக் குறைக்கவும் மாட்டார், கூட்டவும் மாட்டார். அவள் ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. வேறெதுவும் தெரியவில்லை.

போன தை மாதம் அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கல்யாணம் நிச்சயமானது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பும் முன் ஹாஸ்டலுக்கு வந்து எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாள். சத்யப்பிரியா அதைச் சொன்னபோது டில்லிபாபு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கட்டும்" என்றார். சிறிது நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எங்கிட்ட எதுனா சொல்லச் சொல்லிச்சா?"

"இல்லீங்க."

அவர் தலையசைத்தார். சத்யப்பிரியா ரசம் ஊற்றினார். அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, பள்ளிக்கூட வேனை எடுக்கக் கிளம்பினார்.